பிரீ சீசன் முகாமில் புதுப் பையன்களுக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது?

அல்சூர் இடதுகால் எழுதியது:

வணக்கம். முழங்கால் தசைநார் கிழிந்ததோடு ஆட்டத்தை நிறுத்திய நான், இரண்டு ஆண்டுகளாகப் பெங்களூரு கால்பந்து லீக்கான சூப்பர் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் மூன்று வார முகாமுக்கு இந்த முறை பதினாறு புதுப் பையன்களை அழைத்திருக்கிறோம். எல்லோரும் பதினேழு முதல் இருபது வயதுக்குள் இருப்பவர்கள். ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் பக்கத்திலிருந்து ஆறு பேரும், மணிப்பூர், மிசோரமிலிருந்து ஏழு பேரும், தமிழ்நாட்டிலிருந்து மூன்று பேரும் வந்திருக்கிறார்கள். அணியில் காலியாக இருப்பவை நான்கு இடங்கள்தாம்.

தலைமைப் பயிற்சியாளர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, வேகம், பந்துக் கட்டுப்பாடு, பாஸ், ஷாட், உடல்திறன் என்ற ஐந்து கட்டங்களில் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று எழுதச் சொன்னார். முதல் வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, களத்தின் ஓரத்தில் முன்னேறி ஆடும் ஒரு விங்கர் பையன் ஐம்பதுக்கு 43 வாங்கி முதலிடத்தில் இருந்தான். ஐந்துக்கு ஐந்து ஆடும் சிறிய ஆட்டங்களில் அவனைத் தடுக்க ஆளே இல்லை. ஆனால் சனிக்கிழமை மூத்த ஆட்டக்காரர்களோடு பதினொருவர் ஆட்டம் வைத்தபோது, அவன் களத்தில் இருக்கிறானா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொருவன் ஆரஞ்சு நிறத்தில் 14ஆம் எண் பிப் (ஜெர்சிக்கு மேல் மாட்டும் கையில்லாத மேலாடை) போட்டிருப்பவன், நடுகளத்தில் ஆடுகிறான். அவனுக்கு எந்தக் கட்டத்திலும் என்னால் ஏழுக்கு மேல் போட முடியவில்லை, மொத்தம் 31தான் வந்தது. எனினும் அந்த வாரம் முழுவதும் அவன் எந்தப் பக்கம் ஆடினானோ அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்பதைச் சனிக்கிழமை இரவு நோட்டைப் புரட்டும்போதுதான் கவனித்தேன்.

தாள் தவறா, என் கண் தவறா, அல்லது முகாமின் ஒரு வாரத்தில் இதற்கு மேல் எதுவும் தெரியாதா? முகாம்களில் இருந்து பழகியவர்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர் எழுதியது:

தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. அது பார்த்ததை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். நான் ஒரு தொழிற்சாலை அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்டாப்பராக, அதாவது பின்களத்தின் நடுவில் தடுப்பவனாக ஆடி, பிறகு சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவன். நீங்கள் சொன்ன ஐந்து கட்டங்களும், பந்து காலில் இருக்கும்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதைக் கேட்கின்றன அல்லது அவன் உடம்பை மட்டும் அளக்கின்றன. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் அதிகம். மிச்ச நேரம் முழுவதும் அவன் எங்கே நிற்கிறான், எதைப் பார்க்கிறான், எப்போது நகர்கிறான் என்பதில் கழிகிறது. உங்கள் 14ஆம் எண் அந்த மிச்ச நேரத்தில் நன்றாக ஆடுகிறவனாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஐவர் ஆட்டத்தில் ஆள் குறைவு, இடம் குறைவு, பந்து அடிக்கடி காலுக்கு வந்துவிடும். ஆகவே பந்தோடு கெட்டிக்காரனாக இருப்பவன் அங்கே ராஜா. பெரிய மைதானத்தில் பந்து தன்னைத் தேடி வராதபோது என்ன செய்வது என்பதை அந்த விங்கருக்கு யாரும் இதுவரை சொல்லித் தராமல் இருந்திருக்கலாம்.

நான் செய்யும் வழியைச் சொல்கிறேன். பயிற்சி ஆட்டத்தில் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு பையனைப் பத்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். சொல்வது எளிது, செய்வது மிகவும் கஷ்டம். பந்து போகும் பக்கம் கழுத்து தானாகத் திரும்பிவிடும், கோல் விழுந்த சத்தம் கேட்டால் மனது அடித்துக்கொள்ளும். அதையும் மீறி அவனையே பாருங்கள். பந்து அவனுக்கு வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் நடுகள வீரர்களை இப்படித்தான் எண்ணிப் பார்த்தார். பந்து வருவதற்கு முன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்கள்தாம் முன்னோக்கிப் போகும் பாஸ்களை அதிகம் சேர்க்கிறார்கள் என்று அவர் கண்டார். நம் ஊர்ப் பெரியவர்கள் இதையே 'கழுத்து இருக்கிற பையன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

பந்து வெளியே போனவுடன் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். த்ரோ எடுக்க ஆள் ஓடுவதற்குள் சிலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள், சிலர் ஜெர்சியைச் சரிசெய்வார்கள், ஒருவன் மட்டும் தன் ஆளைத் தேடிக்கொண்டு பின்னால் நடப்பான். ஆட்டம் நின்றிருக்கும் அந்த ஆறேழு நொடிகளில் எனக்குக் கிடைத்த தகவல், ஓடும்போது கிடைத்ததைவிட அதிகம். தவறு செய்த பிறகு வரும் ஐந்து நொடிகளும் அப்படிப்பட்டவைதாம். பந்தை இழந்தவன் நடுவரைப் பார்க்கிறானா, தரையைப் பார்க்கிறானா, பந்தைப் பார்க்கிறானா என்பதைக் குறித்து வையுங்கள்.

மைதானத்தையும் கணக்கில் எடுங்கள். நம் பேட்டைப் பையன்கள் செம்மண் தரையில் வளர்ந்தவர்கள். பந்து எந்த மேட்டில் பட்டு எங்கே எழும்பும் என்று தெரியாததால், கால் ஒரு பிடி உயர்ந்த நிலையிலேயே காத்திருக்கும். அசோக் நகர் ஸ்டேடியத்துச் செயற்கைப் புல்லில் அதே பையனின் முதல் தொடுதல் சற்றுத் தடித்ததாகத் தெரியும். பத்து நாள் விட்டால் சரியாகிவிடும் குறை அது. அதற்கு முதல் நாளே நான்கு மதிப்பெண் போட்டுவிட்டால் பையன் வீட்டுக்குப் போய்விடுவான். ஆறாவது ரவுண்டு ஓடும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்தங்குகிறவனை மட்டும் நான் மன்னிப்பதில்லை. மனது இல்லாதவனுக்கு வேறு எது இருந்தும் பயனில்லை.

அந்த விங்கர் விஷயத்தில் இன்னொன்று. 'இவன் எவ்வளவு நல்லவன்' என்று கேட்பதற்கு முன் 'இவன் எந்த இடத்துக்கு நல்லவன்' என்று கேளுங்கள். பெங்களூரு எஃப்சியின் ரோஷன் சிங் விங்கராக வந்தவர்; அவரைப் பின்களத்துக்கு இறக்கி ஓரத்தில் ஆடவிட்ட 2021-22 சீசனில்தான் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக்கின் வளர்ந்து வரும் வீரர் விருதை வாங்கினார். எல்லா விங்கரையும் பின்னால் இழுக்கச் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் குறைவாகத் தெரிகிறவன் வேறு கட்டத்தில் நிறைந்து தெரியலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவு ஷிஃப்ட்காரன் எழுதியது:

எனக்கு நம் கால்பந்தில் பெரிய அனுபவம் இல்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு இரவில் வேலை செய்து, பந்தைக் கையில் பிடித்து மோதி ஆடும் அந்த நாட்டுக் கால்பந்தின் லீக்கான என்எஃப்எல்லைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியவன். கேள்வி கிட்டத்தட்ட அங்கே ஒவ்வொரு மே மாதமும் கேட்கப்படும் கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

அங்கே ஏப்ரல் இறுதியில் ஏழு சுற்று டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுப்பது) முடிந்தவுடன், மே மாதத்தில் புதுமுகங்களுக்கு மட்டும் என்று இரண்டு மூன்று நாள் முகாம் ஒன்று நடக்கும். தேர்வானவர்களோடு, யாரும் எடுக்காத ஆட்டக்காரர்களையும் வெறும் சோதனைக்காக அழைப்பார்கள். அந்த முகாமில் தோள் கவசம் கிடையாது, ஆளை வீழ்த்தித் தடுப்பதும் கிடையாது. மோதல்தான் அந்த ஆட்டத்தின் உயிர். அதை எடுத்துவிட்டு வெறும் அரைக்கால் சட்டையோடு ஓடவிட்டால் எல்லோரும் வேகமாகவே தெரிவார்கள். ஆகவே மே மாதத்தில் ரசிகர்கள் கொண்டாடும் பாதிப் பேர், கவசம் மாட்டும் ஆகஸ்டில் காணாமல் போய்விடுவார்கள். தொண்ணூறு பேராக இருக்கும் கூட்டம் சீசன் தொடங்கும்போது 53 ஆகச் சுருங்கிவிடும். உங்கள் ஐவர் ஆட்டம் அந்த அரைக்கால் சட்டை முகாம், சனிக்கிழமை ஆட்டம் கவசம் மாட்டிய ஆட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அந்த முகாமை எதற்காக நடத்துகிறார்கள்? யார் எவ்வளவு சீக்கிரம் கற்கிறான் என்று பார்க்கத்தான். முதல் நாள் மாலை வகுப்பறையில் ஓர் ஆட்டமுறையைச் சொல்லிக் கொடுப்பார்கள், மறுநாள் காலை களத்தில் அதையே ஆடச் சொல்வார்கள். தப்பு செய்வதில் குற்றமில்லை. அதே தப்பை மூன்றாம் நாளும் செய்கிறானா என்பதுதான் கணக்கு. மால்கம் பட்லர் என்பவரை 2014 டிராஃப்டில் ஓர் அணியும் எடுக்கவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் புதுமுக முகாமுக்குச் சோதனை ஆட்டக்காரராக வந்து, அங்கிருந்து ஒப்பந்தம் வாங்கினார். 2015 பிப்ரவரியில் சியாட்டிலுக்கு எதிரான சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில், கோல் கோட்டருகே எதிரணியின் பாஸைப் பாய்ந்து பிடித்து 28-24 என்ற வெற்றியைக் காப்பாற்றியவர் அவர்தான். அந்த ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் அதே ஆட்டமுறையை எதிர்கொண்டு அவர் தோற்றிருந்தார். தோற்றது நினைவில் இருந்ததால் இரண்டாவது முறை முந்திக்கொண்டார்.

இதை வைத்து 'கடைசியில் நிற்பவனைத்தான் எடுக்க வேண்டும்' என்று யாரும் விதி செய்துவிட வேண்டாம். ஒரு பட்லருக்கு எதிரே சோதனைக்கு வந்து திங்கட்கிழமை ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை. நான் சொல்ல வந்தது சிறிய விஷயம். அந்த விங்கருக்கு ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு நாள் அது மட்டும் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஜெயநகர் பிசியோ எழுதியது:

மேலே ஸ்டாப்பர் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் 'ஆறாவது ரவுண்டில் முகம் சுளிப்பவனுக்கு மனது இல்லை' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் முகாம்களில் பிசியோவாக இருந்திருக்கிறேன். வடகிழக்கிலிருந்து வரும் பையன்களில் பலர் இரண்டு இரவுகளுக்கு மேல் ரயிலில், அதுவும் சில சமயம் முன்பதிவு இல்லாத பெட்டியில் உட்கார்ந்து வந்து இறங்குவார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர்களை யோ-யோ ஓட்டத்தில் நிறுத்தி, இருபது மீட்டரை முன்னும் பின்னும் ஓடவிட்டு, கிடைத்த எண்ணை உடல்திறன் என்ற கட்டத்தில் எழுதினால், அளக்கப்பட்டது ரயில் பயணம்தான். ஓய்வுக்காலம் முடிந்து திடீரென்று கடுமையாக ஓடினால் தசைவலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஆகவே முகாமின் மூன்றாம் நாள் எல்லோருக்குமே மோசமான நாள். இரும்புச் சத்துக் குறைவோடு ஓடுகிற பையனும் கடைசி ரவுண்டில் முகத்தைச் சுளிக்கத்தான் செய்வான். அவனுக்குத் தேவை ரத்தப் பரிசோதனை.

ஆகவே ஓட்டச் சோதனையை முதல் வாரத்தில் ஒருமுறையும் பன்னிரண்டாம் நாளில் ஒருமுறையும் வையுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், முதல் எண்ணைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

பிறந்த தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயதுப் பிரிவை ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடும் இடங்களிலெல்லாம், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் அளவுக்கு அதிகமாக இருப்பார்கள் என்பது பல நாடுகளில், பல விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட விஷயம். பதினேழு வயதில் பத்து மாத வித்தியாசம் தோளிலும் தொடையிலும் தெரியும். முன்கூட்டியே வளர்ந்துவிட்ட பையன் தன் பலத்தால் ஜெயித்துப் பழகியிருப்பான். மற்றவர்கள் வளர்ந்து அவனை எட்டிப் பிடித்ததும் அவன் கையில் வேறு ஆயுதம் இருக்காது. உங்கள் விங்கர் எந்த மாதத்தில் பிறந்தவன், எந்த வயதில் உயரமானவன் என்று விசாரித்துப் பார்த்தீர்களா?

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் காலத்தில் மூச்சு வாங்கினால் திட்டு விழும், ரத்தப் பரிசோதனை விழாது. அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். ரவுண்டு பற்றிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அல்சூர் இடதுகால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதிய பிறகு ஐந்து நாள் முகாம் நடந்தது, அதில் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாப்பர் அண்ணா சொன்னபடி, செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆட்டத்தில் கோடியில் இருக்கும் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, 14ஆம் எண்ணை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். அவன் காலுக்குப் பந்து வந்தது ஏழு முறை. ஆறு முறை, பந்து வருவதற்கு முன்பே வலது தோளுக்குப் பின்னால் ஒருமுறையும் இடது தோளுக்குப் பின்னால் ஒருமுறையும் பார்த்திருந்தான். பார்க்காமல் வாங்கிய ஒரே ஒரு முறைதான் பந்தைப் பறிகொடுத்தான். இடையில் ஒரு கார்னர் வந்தது. எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் பெட்டிக்குள் ஓடி வருவதை மூத்த ஸ்டாப்பர் கவனிக்கவில்லை; இந்தப் பையன் எதுவும் கத்தாமல் அவருடைய முழங்கையைப் பிடித்து அரை அடி இழுத்து நிறுத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான். அந்தப் பந்தைத் தலையால் வெளியே தள்ளியது அந்த ஸ்டாப்பர்தான், படியில் இருந்தவர்கள் கைதட்டியதும் அவருக்குத்தான். இதை நான் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை.

விங்கர் பையனிடம் அன்று மாலையே பேசினேன். பள்ளி அணியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றாம்: கோட்டை ஒட்டி நில், பந்து வரும். அங்கே பந்து வந்திருக்கிறது, ஏனெனில் அவன்தான் அணியிலேயே வேகமானவன், எல்லோரும் அவனுக்கே கொடுத்திருக்கிறார்கள். பிசியோ மேடம் கேட்டதற்காக விசாரித்தேன்: அவன் பிறந்தது ஜனவரி மாதம், பதினான்கு வயதிலேயே இப்போதைய உயரத்துக்கு வந்துவிட்டான். நான் அவனிடம், பின்களத்தின் ஓரத்தில் ஆடும் நம் ஃபுல் பேக் தலையைத் தூக்கும் அந்த நொடியில் கோட்டை விட்டு உள்ளே வந்து அவருக்கு முகம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமை முதல் பாதியில் இரண்டு முறை செய்தான், மூன்றாவது முறை மறந்துவிட்டு மீண்டும் கோட்டில் போய் நின்றான். வியாழக்கிழமை நான் எதுவும் நினைவுபடுத்தவில்லை. நான்கு முறை வந்தான், அதில் ஒருமுறை பந்தை வாங்கித் திரும்பி ஒரு கோலுக்கு வழி செய்தான். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் நோட்டில் எழுதுவது போல் குனிந்துகொண்டேன், ஏனென்று இப்போதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது யோ-யோ ஓட்டத்தில் இரண்டு மிசோரம் பையன்களின் எண் நன்றாக ஏறியிருக்கிறது. நான்கு இடத்துக்கு இப்போது ஆறு பேர் என் மனதில் இருக்கிறார்கள்.

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர் எழுதியது:

தம்பி, முழங்கையைப் பிடித்து இழுத்ததை அப்படியே எழுதுங்கள். தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும்? ஒவ்வொரு பையனுக்கும் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எந்த இடத்தில் ஆடவிட்டீர்கள், என்ன கண்டீர்கள், என்ன சொல்லி என்ன மாறியது. கோச்சுக்கு 43, 31 என்ற எண்களைவிட அது பயன்படும். அவருக்கு வேண்டியது ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் யாரை எங்கே இறக்கலாம் என்ற தகவல்.

ஆறில் நான்கைத் தேர்வதற்கு முன், அணியில் எந்த இடங்கள் உண்மையில் காலியாகின்றன என்பதைக் கோச்சிடம் கேட்டுவிடுங்கள். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் முன்னால் மூன்று மூத்தவர்கள் இருக்கும் இடத்துக்கு எடுத்தால், பெஞ்சில் உட்கார்ந்தே ஓர் ஆண்டு வீணாகும். மேல் மட்டத்திலும் இதே கணக்குதான். ஐஎஸ்எல்லில் 2021-22 முதல் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தாம் களத்தில் இருக்கலாம். பெரும்பாலான கிளப்புகள் அந்த நால்வரைக் களத்தின் நடுக்கோட்டில், அதாவது ஸ்டாப்பர், நடுகளம், ஸ்ட்ரைக்கர் என்று செலவழிப்பதால், நம் பையன்களுக்கு முதலில் திறப்பது ஓரத்துக் கதவுகள்தாம். சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன் முன்களத்தில் நின்று 2022 டுராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் போட்டது அதனால்தான் எனக்கு அத்தனை மகிழ்ச்சியாக இருந்தது. நடுக்கதவையே தட்டித் திறந்துவிட்டான்.

விங்கரை இப்போது எடுக்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். இரண்டு நாளில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டவன் அவன். மூத்த அணியோடு இன்னும் பத்து நாள் பயிற்சி செய்ய அனுமதி கேட்டு வாங்குங்கள். கிளப்புக்குச் செலவு சாப்பாடு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. எடுக்காத பையன்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டுவிடாதீர்கள். என் பதினெட்டு வயதில் ஒரு கிளப் முகாமுக்குப் போய், மூன்றாம் வாரம் வாசல் கதவில் ஒட்டியிருந்த தாளில் என் பெயர் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரி வரை நடந்தே போனேன். எதில் குறை என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அடுத்த ஆண்டுக்குள் சரிசெய்திருப்பேன். இடது கால்தான் குறை என்று எனக்குத் தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

அல்சூர் இடதுகால் எழுதியது:

அப்படியே செய்கிறேன், அண்ணா. கோச்சிடம் பேசினேன்: ஒரு ஃபுல் பேக், ஒரு கோல்கீப்பர், இரண்டு நடுகளம் என்பதுதான் உண்மையான தேவையாம், விங்கருக்கு இடமே இல்லையாம். பத்து நாள் அனுமதி கேட்டேன், ஏழு நாள் கொடுத்தார். எடுக்காத பன்னிரண்டு பேரையும் ஞாயிறு காலை பயிற்சி முடிந்தவுடன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச ஒப்புக்கொண்டார், அதில் மணிப்பூர்ப் பையன்களுக்கு மொழிபெயர்க்க அவர்களுடைய மூத்த ஆட்டக்காரர் ஒருவரை உட்காரவைக்கிறோம். இப்போது தாளின் பின்பக்கத்தில் ஒன்பதாவது பையனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இவனைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை, நாளை பத்து நிமிடம் இவனைத்தான் பார்க்க வேண்டும்.